வாடகை வீட்டுல மர வரப்பு கட்டுன கதை

மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு ஆசாரி வேலை தெரியாது. ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதறவ, வீட்டுல ஸ்டூல் கால் ஆடுனா பேப்பர மடிச்சு முட்டுக் குடுக்கற ஆளு. ஆனா ரெண்டு வருஷத்துல ஒரே பாத்திக்கு ரெண்டு தடவ மரத்துல வரப்பு கட்டிட்டேன், மொதல் தடவ கட்டுனது ஒரு மழைக்குக் கூட நிக்கல, ரெண்டாவது கட்டுனது இன்னும் நிக்குது. கடலூர், பாண்டி பக்கம் இருக்கறவங்க யாராவது இதே வேலைய எடுத்தீங்கன்னா நான் வாங்குன அடி நீங்க வாங்காம இருக்கணும், அதுக்குத்தான் எழுதறேன்.

ஏன் மரம், செங்கல் வெச்சு பூசிட்டா போச்சேன்னு எல்லாரும் கேக்கறாங்க. நாங்க இருக்கறது கூத்தப்பாக்கம் பக்கம் வாடகை வீடு. ஓனர் அம்மா நல்லவங்கதான், தோட்டம் வெச்சுக்கோங்கன்னு அவங்களே சொன்னாங்க, ஆனா "சிமெண்ட் வேலை மட்டும் ஒண்ணும் வெச்சுக்காதம்மா, பின்னாடி நான்தான் ஒடச்சு அள்ளணும்"னு சொல்லிட்டாங்க. சரி வெறும் மண்ணுல பாத்தி போடலாம்னா எங்க மண்ணு மணலும் மண்ணுமா கலந்தது, வெயில் காலத்துல எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் குடிச்சிட்டு சும்மா இருக்கும், போடற உரமும் தண்ணியோட கீழ போயிடும், ஐப்பசி பொறந்துட்டா நேர் எதிர், அடியில தண்ணி மட்டம் மேல வந்து தேங்கி நிக்கும், மொளகா செடி வேர் அழுகி ஒரே ராத்திரியில தலை தொங்கிடும். போதாக்குறைக்கு பக்கத்து வீட்டுக் கோழிங்க. அதனால ஒரு அடி ஒசத்தி, சுத்தி அடைப்பு வெச்சு நல்ல மண்ணு நெரப்பணும், காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டும் போகணும். அதுக்கு மரத்த விட்டா வேற வழி தோணல.

2024 ஜூன்ல ஆரம்பிச்சேன், ஆடிப்பட்டத்துக்குள்ள வெதைச்சிடணும்னு ஒரு வேகம். வீடியோ பாத்தேன், நெறைய பாத்தேன், எல்லாம் வெளிநாட்டுக்காரங்க போட்டது. சரக்கு அடுக்கற பேலட் கட்டையப் பிரிச்சு பெட்டி மாதிரி அடி, அடியில அட்டைப்பெட்டிய விரி, உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் அடி, மண்ணு கொட்டு, முடிஞ்சது. பாக்கறதுக்கு அவ்ளோ ஈஸியா இருந்துச்சு. பழைய சாமான் கடையில ஒரு பேலட் 250 ரூபாய்னு நாலு வாங்குனேன். அதப் பிரிக்கவே ரெண்டு ஞாயித்துக்கெழம போச்சு, அந்த ஆணி எல்லாம் திருகு ஆணி, இழுத்தா ஆணி வராது, கட்டதான் பொளந்துட்டு வரும், நாலுல ஒண்ணு அப்படியே வெறகாச்சு.

பேலட் வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம். ஏத்துமதிக்குப் போன பேலட்டுல முத்திரை குத்தியிருக்கும், கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படமும் நாட்டோட எழுத்தும் இருக்கும், அதுக்குப் பக்கத்துல ஹெச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டி பூச்சிய சாகடிச்சதுன்னு அர்த்தம், எம்.பி.ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அத கீர போடற எடத்துக்குக் கொண்டு வரவே கூடாது. முத்திரையே இல்லாதது உள்ளூர் பேலட், அது மேல என்ன டிரம்மு ஒக்காந்து என்ன சிந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, நம்மூர்ல கெமிக்கல் கம்பெனிங்களுக்குக் கொறச்சலா என்ன. கறை இருக்கா, வாடை அடிக்குதான்னு மோந்து பாத்து வாங்குங்க. நான் மோந்தெல்லாம் பாத்தேன், வாடை இல்ல, ஹெச்.டி.யும் இருந்துச்சு, அதுல தப்பு பண்ணல. மத்த எல்லாத்துலயும் பண்ணேன்.

8 அடி நீளம், 3 அடி அகலம், ஒரு அடி ஒசரம். அகலத்துக்கு மட்டும் ஒரு கணக்கு இருக்கு, நம்ம கை ரெண்டு அடி வரைக்கும்தான் சிரமம் இல்லாம எட்டும், ரெண்டு பக்கமும் நின்னு வேலை செய்ய முடியும்னா 4 அடி வரைக்கும் போகலாம், ஒரு பக்கம் சுவரு இருந்தா 2 அடிக்கு மேல போகாதீங்க, போனா கடைசில பாத்திக்குள்ள கால வெச்சு மண்ண மிதிக்க வேண்டியதுதான். எனக்கு ரெண்டு பக்கமும் எடம் இருந்துச்சு, ஆனா நான் குள்ளம், அதனால 3.

பலகை முக்கா இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி கனம், லேசான பைன் மரம். மூலைக்கு ஒரு கட்ட, அதுவும் உள்பக்கம், மண்ணுக்குள்ள. எட்டடி நீளத்துக்கு நடுவுல முட்டே இல்ல. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கற கறுப்பு ஸ்க்ரூ, ஏன்னா அதுதான் வீட்டுல மிச்சம் கெடந்துச்சு. அடியில அட்டை, உள்ள பிளாஸ்டிக் ஷீட், மேல ஒரு டாடா ஏஸ் செம்மண்ணு இறக்குனேன், கேப்பர் மலைப் பக்கத்து மண்ணுன்னு சொல்லிக் குடுத்தாங்க. பாதிக்கு மேல மிச்சமாயி அது இன்னும் மதிலோரமா குமிஞ்சு கெடக்கு, ஓனர் அம்மா வரும்போதெல்லாம் அதத்தான் மொதல்ல பாப்பாங்க.

ஆடியில வெண்டையும் கத்தரியும் நல்லாதான் வந்துச்சு. பாலூர் 1 கத்தரி, நம்ம பக்கத்து ரகம், பாலூர் ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து வந்தது, அதுக்கு நம்ம மண்ணும் காத்தும் பழக்கம்தானே. நான் செடியவே பாத்துட்டு இருந்தேன், பலகையப் பாக்கல. ஆவணி கடைசில ஸ்க்ரூ தலை எல்லாம் செம்பருத்தி மாதிரி செவந்து கீழ கோடு கோடா துரு வழிஞ்சிருந்துச்சு. கடல் எங்க வீட்டுலேர்ந்து தூரம்தான், ஆனா சாயங்காலம் அடிக்கற காத்துல உப்பு இருக்கு, கிரில் கேட்டே மூணு வருஷத்துல பொரிஞ்சு போற ஊர்ல அந்த ஸ்க்ரூ எந்த மூலைக்கு.

அப்புறம் ஒரு நாள் மூலையில சின்னதா மண்ணு கோடு ஏறி இருந்துச்சு. தட்டி விட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அதே எடத்துல ஏறி இருந்துச்சு. பலகைய வெரலால அமுக்குனா உள்ள போகுது, அப்பளம் மாதிரி. கரையான். பிளாஸ்டிக் ஷீட்ட இழுத்துப் பாத்தா ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு ஊரே இருக்கு. வெளிச்சம் இல்ல, காத்து இல்ல, ஷீட்டுக்குப் பின்னாடி போன தண்ணி காயவே இல்ல, அவங்களுக்கு இத விட நல்ல வீடு வேணுமா. அடியில போட்ட அட்டை கல்யாண விருந்து. களை வராம இருக்க அட்டை போடுங்கன்னு அந்த வீடியோல சொன்னவர் ஊர்ல கரையான் இல்ல போல, நம்மூர்ல மண்ணுக்கு அடியில அட்டைய வெக்கறதும் கரையானுக்குப் பத்திரிக்க வெக்கறதும் ஒண்ணுதான்.

சரி, பொங்கல் வரைக்கும் ஓட்டிடலாம்னு விட்டேன். அப்பத்தான் ஃபெஞ்சல் புயல் வந்துச்சு. 2024 நவம்பர் 30, சனிக்கெழம ராத்திரி பாண்டிக்குப் பக்கத்துல கரையக் கடந்துச்சு, கடந்த பிறகும் நகராம அங்கயே நின்னு ஊத்துச்சு, பாண்டியில மட்டும் ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்கு மேல. அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணையில வந்து ஆத்தங்கரைப் பக்கம் ஊரே மூழ்குச்சு, அவங்க கஷ்டத்துக்கு முன்னாடி என் பாத்தி கதை எல்லாம் ஒண்ணுமே இல்ல, இருந்தாலும் எழுத வந்தது அதுதானே. ஞாயித்துக்கெழம காலையில கதவத் தொறந்தா, பாத்தியோட நீளப் பக்கம் வயித்த தள்ளிக்கிட்டு நடுவுல பொளந்து, செம்மண்ணு மொத்தமும் கொழம்பா வழிஞ்சு வண்டி நிறுத்தற எடத்துல பரவிக் கெடக்கு. அதுக்கு நடுவுல ஓனர் அம்மா பையனோட புது வண்டி, பாதி டயர் வரைக்கும் சேறு. அவங்க ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் கஷ்டமா இருந்துச்சு.

ஈர மண்ணோட பளு எவ்ளோன்னு நான் யோசிச்சதே இல்ல. காஞ்ச மண்ணு அது பாட்டுக்கு நிக்கும், தண்ணி குடிச்ச மண்ணு பக்கவாட்டுல தள்ளும், எட்டடி நீளத்துக்கு முட்டே இல்லாத முக்கா இஞ்சு பலகை, அதுவும் கரையான் பாதி தின்னது, எப்படி நிக்கும். விளிம்பு வரைக்கும் மண்ணு நெரப்பியிருந்தேன் வேற.

தை மாசம் சேறெல்லாம் காஞ்ச பிறகு மறுபடி யோசிச்சேன். தேக்குல போட்டா கரையான் வராதாமேன்னு எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சாரு. பாண்டிக்கு ஒரு வேலையா போனப்ப பழைய மரக்கடைங்கள ஏறி எறங்குனோம். பழைய வீடு இடிச்சா வர்ற உத்திரம், நெல, கதவு, ஜன்னல் எல்லாம் குமிச்சு வெச்சிருப்பாங்க, கடைக்காரர் பர்மா தேக்குன்னு ஒரு உத்திரத்த தட்டிக் காமிச்சாரு, கணீர்னு சத்தம். கன அடி 3,000க்கு மேல சொன்னாரு. நான் நின்ன எடத்துலயே கணக்குப் போட்டேன், சுத்தளவு 22 அடி, ஒசரம் 1 அடி, கனம் ஒன்றர இஞ்சுன்னா 22 பெருக்கல் 1 பெருக்கல் எட்டுல ஒண்ணு, ரெண்டே முக்கா கன அடி, எட்டாயிரத்துச் சொச்சம், அறுப்புக் கூலி தனி. எட்டாயிரத்துக்கு நான் கத்தரிக்கா வாங்கி முடிக்கவே வருஷம் ஆகும். டீ குடிச்சிட்டு வந்துட்டோம். மரம் வாங்கப் போறவங்க இந்தக் கன அடி கணக்க மட்டும் முன்னாடியே போட்டுட்டுப் போங்க, அடிக் கணக்குன்னு நெனச்சுட்டுப் போனா கடைக்காரர் சொல்ற வெல நமக்குப் புரியாது.

வழி காமிச்சது எங்க அத்தை, என் மாமியார்தான். அவங்க அண்ணன் வீடு குறிஞ்சிப்பாடிக்கு அந்தாண்ட ஒரு கிராமம், ஓட்டு வீட்ட இடிச்சுட்டு மாடி கட்டறாங்க, ஓட்டத் தாங்குன பழைய பனை வாரை எல்லாம் வெளிய கெடக்கு, வெறகுக்குக் கூட யாரும் கேக்கலன்னு பேச்சு வாக்குல சொன்னாங்க. போய் பாத்தேன். அம்பது அறுவது வருஷம் ஓட்டுக்கு அடியில கெடந்த வாரை, கன்னங்கரேல்னு, மேல செலந்திக் கூடு, அடிச்சா இரும்பு மாதிரி சத்தம். சில வாரைல ஓரமா கரையான் ஏறுன பழைய தடம் இருந்துச்சு, சுரண்டிப் பாத்தா மேல மட்டும்தான், உள்ள பல்லே எறங்கல. வைரம் பாஞ்ச பனைன்னு சொல்றது இதத்தான். சும்மா எடுத்துட்டுப் போம்மான்னாரு அந்தப் பெரிய மாமா, ஏத்துக் கூலி வண்டி வாடகை மட்டும் என்னோடது.

ஒரு வாரை 10 அடி நீளம், 4 இஞ்சு அகலம், 2 இஞ்சுக்குக் கிட்ட கனம். குத்தா நிறுத்தி மூணு வரிசை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா ஒரு அடி ஒசரம். ஒரு நீளப் பக்கத்துக்கு 3, ரெண்டுக்கும் சேத்து 6. அகலப் பக்கத்துக்கு 3 அடி துண்டு ஆறு வேணும், ஒரு வாரைல மூணு துண்டு வரும், ஆக 2. மொத்தம் 8 வாரை. நீளத்துக்கு எட்டடி அறுத்தா ஒவ்வொண்ணுலயும் ரெண்டடி மிச்சம், அந்த ஆறு துண்டையும் முட்டுக் குடுக்கற மொளைக்கு வெச்சுக்கலாம்னு ஒதுக்கி வெச்சேன். மறுநாள் காலையில பாத்தா காணோம். அத்தை வெந்நி அடுப்புல வெச்சுட்டாங்க. "நல்லா நின்னு எரிஞ்சுது"ன்னாங்க.

பனைய அறுக்கறது நம்ம கையால ஆகற வேலை இல்ல. கை ரம்பத்துல கால் மணி நேரம் ராவி ஒரு இஞ்சு எறங்குச்சு, சிலாம்பு வேற, கறுப்பு ஊசி மாதிரி வெரல்ல ஏறும், ஏறுனா உள்ளயே ஒடையும், ஊசியக் காய்ச்சித்தான் எடுக்கணும். அதனால தெருக்கோடியில பட்டறை வெச்சிருக்கற ஆசாரி அண்ணன்கிட்ட போனேன். அறுவத்தஞ்சு வயசு இருக்கும், வாரையப் பாத்ததும் தடவிக் குடுத்தாரு, மாட்ட தடவற மாதிரி. "எங்க புடிச்ச இத? இப்பல்லாம் கண்ணுல பாக்கறதே இல்ல"ன்னு கேட்டாரு. நான் செய்யப் போற வேலையச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசல, பனைய எடுத்து மண்ணுல பொதைக்கறாளேன்னு வருத்தமோ என்னமோ. அப்புறம் அவரே ஒவ்வொண்ணா திருப்பிப் போட்டு காமிச்சாரு. பனைல வெளிப்பக்கம்தான் கறுப்பு, கெட்டி. உள்ள போகப் போக நார் லேசாயி நடுவுல சோறு மாதிரி மெத்துன்னு இருக்கும். வாரைல ஒரு மொகம் கறுப்பா இருக்கும், இன்னொரு மொகம் வெளுப்பா இருக்கும். "கறுப்பு மொகத்த மண்ணுப் பக்கம் வையும்மா, வெளுத்த மொகம் காத்துப் பக்கம் இருக்கட்டும், நனைஞ்சாலும் காஞ்சுக்கும்"னாரு. எனக்கு அழகா இருக்கற கறுப்பு வெளிய தெரியணும்னு ஆசை, ஒரே ஒரு வாரைய மட்டும், கேட்டுலேர்ந்து பாத்தா தெரியற பக்கத்துல மேல் வரிசைய, என் இஷ்டத்துக்கு மாத்தி வெச்சேன். அது என்னாச்சுன்னு கடைசில வரும்.

மூலைக்கு எல் ஆங்கிள் போடலாம்னு நான் சொன்னேன், அவரு வேண்டாம்னுட்டாரு. செங்கல் கட்டற மாதிரி, மொதல் வரிசைல நீள வாரை மூலை வரைக்கும் முழுசா போகும், அகலத் துண்டு உள்ள அடங்கும், அடுத்த வரிசைல அகலத் துண்டு முழுசு, நீளம் உள்ள அடங்கும், மூணாவது மறுபடி மொதல் மாதிரி. ஆக மூலைல மூணு வரிசையும் ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காரும். அங்க மேலேர்ந்து கீழ வரைக்கும் 12 எம்.எம். ஓட்டை போட்டு, கட்டடத்துக்குப் போடற 10 எம்.எம். முறுக்குக் கம்பிய ரெண்டரை அடிக்கு வெட்டி நேரா எறக்கி சம்மட்டியால அடிச்சா ஒரு அடி மரத்துல, ஒன்றர அடி மண்ணுல. ஸ்க்ரூவே இல்ல. காலி பண்ணும்போது கம்பிய உருவுனா எல்லாம் தனித்தனியா வந்துடும். வாடகை வீட்டுக்குன்னே யோசிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா அந்த ஓட்டை போட அவர் பட்ட பாடு, ரெண்டு பிட்டு ஒடைஞ்சுது, நடுவுல நடுவுல பிட்ட தண்ணியில தோச்சு ஆற வெச்சு போட்டாரு, அவசரப்பட்டு அழுத்துனா நாருல மாட்டிக்கிட்டு மிஷினே கைய முறுக்கும்.

எடத்துல வெக்கறது நான்தான் செஞ்சேன், அவரு திண்ணைல ஒக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. நூல் கட்டி நாலு மூலைக்கும் ஆணி அடிச்சேன். மூலைமட்டம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு சுலுவான வழி, குறுக்கு மறுக்கா ரெண்டு மூலைய அளக்கணும், ரெண்டும் ஒண்ணா இருந்தா மட்டம் சரி. 8க்கு 3ன்னா குறுக்களவு 8 அடி ஆறரை இஞ்சு வரும். எனக்கு ஒண்ணு ஆறரை, இன்னொண்ணு எட்டு வந்துச்சு. ஒன்றர இஞ்சுதானே போகட்டும்னேன். "ஒன்றர இஞ்சா, நாங்க ரெண்டு நூலுக்கே சோறு தின்ன மாட்டோம்"னாரு, தெரியாதவங்களுக்கு, ஒரு இஞ்சுல எட்டுல ஒரு பங்கு ஒரு நூல். ஆனா அவர் சொன்னது சரிதான், கோணலா இருந்தா மூணாவது வரிசை ஒக்காரும்போது ஓட்டையும் ஓட்டையும் நேரா வராது, கம்பி எறங்காது.

அதே மாதிரி தரை மட்டம். பாக்க சமமா இருக்கற எங்க தரையில எட்டடிக்குள்ள ரெண்டு இஞ்சு சரிவு. டியூப்ல தண்ணி ஊத்தி பாத்தோம், ரெண்டு பக்கமும் தண்ணி நிக்கற எடம் ஒரே மட்டம், அத வெச்சு குறி போட்டு மேட்டுப் பக்கம் வெட்டி எறக்குனேன். வாரைய நேரா மண்ணு மேல வெக்கல, சுத்திலும் நாலு இஞ்சு அகலத்துக்கு பள்ளம் எடுத்து, ஒடைஞ்ச செங்கல அடுக்கி கெட்டிச்சு, அது மேல வெச்சேன். சிமெண்ட் இல்ல, ஓனர் அம்மாவுக்கு சொன்ன வார்த்தை. மழைத் தண்ணி செங்கல் சந்துல வடிஞ்சு போகும், மரத்தோட அடி ஈரத்துல ஊறாது, கரையான் வெளிப்பக்கமா ஏறணும்னா செங்கல் மேல மண்ணு கோடு போட்டுத்தான் ஏறணும், கோடு கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சா அன்னிக்கே தட்டி விட்டு எங்கேர்ந்து வருதுன்னு பாக்கலாம், இப்பல்லாம் சனிக்கெழம சனிக்கெழம ஒரு சுத்து குனிஞ்சு பாத்துடறேன்.

எட்டடி நீளத்துக்கு வயிறு தள்ளாம இருக்க மொளை வேணும். அத்தை புண்ணியத்துல பனைத் துண்டு அடுப்புக்குப் போயிட்டதால சவுக்கு வாங்குனேன், நம்ம பக்கம் சவுக்குக்கா பஞ்சம், பந்தலுக்கும் சாரத்துக்கும் போற கட்டைதான். 10 அடி கட்ட ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டரை அடி மொளை நாலு, ஆக எட்டு. நீளப் பக்கத்துக்கு ரெண்டு ரெண்டு, அகலத்துக்கு ஒண்ணு ஒண்ணு, ஆறு போக ரெண்டு மிச்சம். இங்க தான் ஆசாரி அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைய நான் மறக்க மாட்டேன். மொளைய உள்பக்கம் வெச்சா வெளிய இருந்து பாக்க சுத்தமா இருக்கும்னு நான் சொன்னேன். அவரு, "மண்ணுல நட்ட சவுக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல நிக்காதும்மா, அது போகத்தான் போகுது. எது மொதல்ல போகணும்னு நீயே முடிவு பண்ணிக்க, அது கைக்கு எட்டற எடத்துல இருக்கட்டும்"னாரு. உள்ள வெச்சா மாத்தும்போது மண்ணு மொத்தத்தயும் அள்ளணும், வெளிய வெச்சா ஒண்ண புடுங்கி ஒண்ண அடிச்சிடலாம். மொளைய வாரையோட சேத்து ஆணி கூட அடிக்கல, மண்ணு தள்ற தள்ளுல வாரையே மொளை மேல சாஞ்சு நிக்குது.

சவுக்கு பட்டைய சீவிடணும், பட்டைக்கு அடியிலதான் பூச்சி குடியிருக்கும். மண்ணுக்குள்ள போற ஒன்றர அடிய நெருப்புல காட்டி மேல கருகற வரைக்கும் திருப்பித் திருப்பி வாட்டுனேன். அப்புறம்தான் அந்த முந்திரி எண்ணெய்.

நான் பொறந்தது பண்ருட்டிப் பக்கம். முந்திரிக்கொட்டை ஓட்டுலேர்ந்து எடுக்கற அந்தக் கறுப்பு எண்ணெய மரத்துக்கு அடிச்சா கரையான் கிட்ட வராதுன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். அதே மாதிரி பச்சை முந்திரிக்கொட்டையக் கடிச்சு ஒதடு வெந்து நாலு நாள் கஞ்சி குடிச்ச கதையும் எனக்கே இருக்கு, கொட்டை ஒடைக்கற அக்காங்க எல்லாம் கைக்கு எண்ணெயோ சாம்பலோ தடவிக்கிட்டுத்தான் ஒக்காருவாங்க, அதுவும் கண்ணால பாத்தது. எல்லாம் தெரிஞ்சும் நான் என்ன பண்ணேன், மெல்லிசா ஒரு ஒறைய கையில மாட்டிக்கிட்டு மத்தியான வெயில்ல ஒக்காந்து அடிச்சேன், வேர்த்துச்சு, மணிக்கட்டால கன்னத்தத் தொடச்சேன். அன்னிக்கு ஒண்ணும் தெரியல. மறுநாள் காலையில கன்னம் வீங்கி, மணிக்கட்டு சுத்தி கொப்புளம், மூணாவது நாள் கறுத்து தோலு உரிய ஆரம்பிச்சுது. தோல் டாக்டர்கிட்ட போனேன், பத்து நாள் ஆச்சு அடங்க. எங்க அம்மா போன்ல சிரிச்சாங்க, "முந்திரிக்காட்டுல பொறந்துட்டு இதுக்கா ஆஸ்பத்திரி"ன்னு. அடிக்கறதா இருந்தா தடிமனான ரப்பர் ஒறை, முழுக்கை சட்டை, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, புள்ளைங்க பக்கத்துல இல்லாதப்ப, பிரஷ்ஷ அப்படியே தூக்கிப் போட்டுடுங்க. ஒட்டாம காய ரெண்டு வாரம் வெயில்ல கெடக்கணும். நான் மொளைக்கு மட்டும்தான் அடிச்சேன், அது வெளிய இருக்கறது. கீரை போடற மண்ணு படற எடத்துல, வாரைக்கு ஒண்ணுமே அடிக்கல. மெக்கானிக் கடையில பழைய என்ஜின் ஆயில் ஓசியில தர்றேன்னாங்க, நெறைய பேர் அடிக்கறாங்க, நான் வாங்கல, என்ஜின்ல தேய்ஞ்ச இரும்பும் கசடும் கலந்தத நான் திங்கற கீரைக்குப் பக்கத்துல வெக்க மாட்டேன். ரயில்வே சிலீப்பர் கட்டைக்கும் அதே பதில்தான், கிரியோசோட்ங்கற தார் எண்ணெயில ஊறுனது, வெயில் பட்டா இன்னிக்கும் வாடை வரும்.

மண்ணு கணக்கு இந்தத் தடவ ஒழுங்கா போட்டேன். உள்ளளவு ஏழே முக்கா அடிக்குக் கொஞ்சம் கம்மி, அகலம் ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி, விளிம்புலேர்ந்து ரெண்டு இஞ்சு விட்டு நெரப்பணும்னா ஒசரம் 10 இஞ்சு, சுமார் 17 கன அடி. ஒரு சிமெண்ட் மூட்டை ஒன்னேகால் கன அடி, அப்ப 14 சாக்கு, அமுங்கறதுக்கு மேல ரெண்டு. அந்த மதிலோரச் செம்மண்ணு இருக்கே, அதுலேர்ந்து ஆறு சாக்கு, தொழு உரம் ஆறு, மணல் ரெண்டு, தேங்கா நார்க் கழிவு ரெண்டு. மொத தடவ வெறும் செம்மண்ணா கொட்டுனதுதான் தண்ணி குடிச்சு கல்லாட்டம் எறுகுச்சு, இது கையில புடிச்சா புடி நிக்குது, தட்டுனா உதிருது. அட்டை இல்ல, ஷீட் இல்ல.

செலவு, வண்டி வாடகை ஏத்துக் கூலி 1,200, ஆசாரி அண்ணனுக்கு ரெண்டு நாள் கூலியும் ஒடைஞ்ச பிட்டும் சேத்து 2,400, சவுக்கும் கம்பியும் 600 சொச்சம், தொழு உரம் 500. டாக்டர் செலவ இதுல சேக்கல, எங்க வீட்டுக்காரர் சேக்கச் சொல்றாரு.

2025 ஆடியில வெதைச்சேன். ஐப்பசி கார்த்திகை மழை முழுசும் பாத்தாச்சு, ஒரு தடவ முழங்கால் அளவு தண்ணி தெருவுல நின்னப்ப ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்தேன், செங்கல் சந்துலேர்ந்து தண்ணி கலங்காம வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, வாரை ஒரு நூல் கூட நகரல. மொளகா செடி மூணும் பொழச்சுது. பெருச்சாளி ஒண்ணு மட்டும் செங்கலுக்கு அடியில வளை போட்டு ஒரு மூலைய எறக்கிடுச்சு, கம்பிய உருவி, வாரையத் தூக்கி, வளைல கருங்கல் ஜல்லி கொட்டி மறுபடி வெச்சேன், ஒரு மணி நேர வேலை. ஸ்க்ரூ அடிச்சிருந்தா அன்னிக்கு முழு நாளும் போயிருக்கும்.

அந்த ஒரு வாரை, அழகுக்காக நான் திருப்பி வெச்சது, அதுதான் போச்சு. வெளுத்த மொகம் மண்ணுப் பக்கம் ஈரத்துலயே இருந்து மெத்துன்னு ஆயி, ஸ்பூனால சுரண்டுனா வருது, உள்ள வெள்ளையா பூஞ்சணம். மத்த எதுவும் அப்படி ஆகல. ஆசாரி அண்ணன் வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, வாரைய தட்டி மட்டும் காமிச்சாரு, ரெண்டு பக்கமும், ஒரு பக்கம் கணீர், ஒரு பக்கம் தொப்.

சவுக்கு மொளைல கேட்டுப் பக்கம் ரெண்டு, மண்ணும் காத்தும் சேர்ற எடத்துல, சரியா தரை மட்டத்துல, வெரல் அளவுக்கு நைஞ்சு போச்சு. மண்ணுக்குள்ள இருக்கறதும் நல்லா இருக்கு, மேல இருக்கறதும் நல்லா இருக்கு, அந்த ரெண்டு இஞ்சு மட்டும்தான். கருக்குனது ஒன்றர அடி வரைக்கும்தானே, மண்ணு மட்டத்துக்கு மேல ஒரு சாண் சேத்துக் கருக்கியிருக்கணும், எண்ணெயும் அங்கதான் தடிமனா அடிச்சிருக்கணும். மிச்சம் வெச்ச ரெண்டு மொளை இருக்கு, கருக்கி வெச்சாச்சு. எண்ணெய் அடிக்கறதுக்குத்தான் இன்னும் மனசு வரல, கன்னம் ஞாபகம் வருது. ரப்பர் ஒறை வாங்கியாச்சு, இந்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் அடிச்சுடுவேன். அது வரைக்கும் அந்த ரெண்டையும் பீரோவுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன், அத்தை இப்ப எங்க வீட்டுலதான் இருக்காங்க.